தவணையும் கடமையும்



கடை வாசலில் ஒருவர் திடீரென்று சாய்கிறார். கூப்பிட்டால் பதிலில்லை, மூச்சும் இல்லை. கூட்டம் கூடுகிறது. ஒருவர் தண்ணீர் தெளிக்கிறார். ஒருவர் தைலம் தேய்க்கிறார். "ஹயாத் முடிந்துவிட்டது" என்று ஒரு பெரியவர் சொன்னதும் எல்லாரும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். இது தவக்குலா, அசட்டையா?

ஒவ்வொருவருக்கும் தவணை உண்டு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது இந்த நிமிஷந்தான் என்று நமக்கு யார் சொன்னது? அல்லாஹ் மட்டுமே அறிந்ததை நாம் அறிந்தவர்போல் பேசலாமா? கடையில் தீப்பிடித்தால் விதியென்று உட்காருகிறோமா? சரக்குக்காகப் பதறுகிறவர் உயிருக்காகப் பதறாமலிருப்பது எந்த நியாயம்?

நின்ற இருதயமெல்லாம் முடிந்த இருதயமல்ல. மார்பை அறுக்காமல், வெளியிலிருந்து கையால் அமுக்கியே இரத்தத்தை ஓட்டலாம் என்று 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர் எழுதிக் காட்டினார்கள். சும்மா விட்டால் நாலைந்து நிமிஷத்தில் மூளை கெடத் தொடங்கும். பிழைக்கும் வாய்ப்பு நிமிஷத்துக்கு 7 முதல் 10 சதவீதம் குறையும்.

புக்கிட் ரோத்தானிலோ, பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையின் செம்பனைத் தோட்டத்திலோ ஒருவர் விழுந்தால், அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? அந்த நிமிஷங்கள் டாக்டருடையவை அல்ல, பக்கத்தில் நிற்பவருடையவை.

2009 முதல் 2012 வரை மலேசியா உட்பட ஏழு ஆசிய நாடுகளில் 66,000-க்கு மேற்பட்டோரைக் கணக்கெடுத்தார்கள். உயிரோடு வீடு திரும்பியவர்கள் இடத்துக்கு இடம் 0.5 முதல் 8.5 சதவீதந்தான். "இந்தச் சொற்பத்துக்கா இவ்வளவு பாடு?" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓரிடத்தில் 200 பேரில் ஒருவர் பிழைத்தார்; இன்னோரிடத்தில் 17 பேர். அந்த 16 குடும்பங்களுக்கு இது சொற்பமா? இந்த வித்தியாசத்தில் அருகில் நின்றவர் கைக்கும் பங்குண்டு.

அமுக்கினால் விலா எலும்பு ஒடியாதா? ஒடியலாம். ஒடிந்த எலும்பு கூடும். போன உயிர் திரும்பாது. அந்நியப் பெண்ணைத் தொடலாமா? நிர்ப்பந்தத்தில் விலக்கு தளரும் என்பது மதரஸாவில் ஓதிய சட்டந்தானே!

செய்முறை கடினமல்ல. 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள். திணறித் திணறி இழுப்பது மூச்சல்ல, தாமதிக்காதீர்கள். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் வைத்து, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குங்கள். அதிர்ச்சி கொடுக்கும் ஏ.ஈ.டி. பெட்டி அருகிலிருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். செய்ய வேண்டியதை அதுவே சொல்லும்.

வைத்தியத்தை ஃபர்ளு கிஃபாயா என்றார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஊரில் தேவையான பேர் கற்றால் மற்றவர் பொறுப்பு நீங்கும்; ஒருவருமே கற்காவிட்டால் ஊரே குற்றவாளி. இந்தச் சிறு வைத்தியத்துக்கும் அதே நியாயந்தான். மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இதைக் கற்றுக்கொடுக்கின்றன. கடைக்கு ஒருவராவது போய்க் கற்று வாருங்கள்.

கடை திறப்பது நம் வேலை, பரக்கத் அவனுடையது. உயிர் விஷயத்திலும் அப்படியே. பலனை அவனிடம் ஒப்படைப்போம். முயற்சியை நாம் விட்டுவிட வேண்டாம். வஸ்ஸலாம்.