செவ்வாய் செய்த தவறு என்ன?

2022இல் நூல் விலை ஏறியபோது, அமராவதி நகரில் எங்கள் வீதியில் ஜாப் ஒர்க் எடுத்துப் பவர் டேபிள் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் கம்பெனியை மூடினார். மிஷின்களை வண்டியில் ஏற்றிய அன்றே டீக்கடையில் தீர்ப்பு வந்துவிட்டது: "அகலக்கால் வெச்சுட்டானுங்க." அம்மா, "கெரகம் சரியில்ல கண்ணு" என்றார். நான் என் பங்குக்கு, "ரிஸ்க்கை யோசிக்கல" என்றேன்.

மங்கள்யானின் தொடர்பு அறுந்துவிட்டதாக இஸ்ரோ அறிவித்ததும் அதே வருடம்தான். 6 மாதத்துக்கென்று அனுப்பிய கலம், 2014 செப்டம்பர் 24 முதல் ஏழு வருடத்துக்கு மேல் செவ்வாயைச் சுற்றியது. அதற்குச் சில நாள் முன்பு போய்ச் சேர்ந்த நாசாவின் மேவன், செவ்வாயின் காற்று விண்வெளிக்குக் கசிவதை அளந்தது: நொடிக்கு சுமார் 100 கிராம். சூரியப் புயல் அடித்தால் இன்னும் அதிகம்.

செவ்வாய்க்கும் ஒருகாலத்தில் காந்தப்புலம் இருந்தது. சுமார் 400 கோடி வருடங்களுக்கு முன் அதன் உட்கரு இயக்கம் நின்றது, புலம் போயிற்று. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் மேல்காற்றை அரிக்கத் தொடங்கின. இதைப் படித்ததும் எனக்கு ஒரு நீதி கிடைத்தது: கவசத்தைக் காக்காதவன் எல்லாவற்றையும் இழப்பான். ஆபீஸில் ஒருமுறை சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன்.

அந்த நீதியை வெள்ளி கெடுத்தது. அதற்கும் சொந்தக் காந்தப்புலம் கிடையாது. ஆனால் அதன் தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல 90 மடங்கு. வெள்ளி கனமானது, செவ்வாயின் நிறையோ பூமியில் பத்தில் ஒரு பங்குதான். சிறியதாகப் பிறந்தது, சீக்கிரம் குளிர்ந்தது, காற்றைப் பிடித்துவைக்க ஈர்ப்பும் போதவில்லை. இதில் செவ்வாய் செய்த தவறு என்ன?

எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்லவரவில்லை. நொய்யலில் சாயக்கழிவு கலந்தது கெரகத்தால் அல்ல. திறந்துவிட்ட கைகள் இருந்தன, அவை பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நூல் விலையை அந்த அண்ணன் ஏற்றவில்லை. அவரைப்போலவே கடன் வாங்கியவர்களில் சிலர் தப்பித்தார்கள். அவர்களை நாம் 'தைரியசாலி' என்கிறோம்.

விழுந்தவரிடம் ஒரு தவறைக் கண்டுபிடித்துவிட்டால், நாம் நிற்பது நம் திறமையால் என்று நம்பிக்கொள்ளலாம். நான் அன்று செய்தது அதைத்தான். என் சம்பளம் நூல் விலையை நம்பி இல்லை என்பதைத் தவிர, அவரைவிட நான் அதிகமாக எதையும் யோசித்துவிடவில்லை.

அவர் இப்போது வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். வழியில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா தம்பி?" என்று முதலில் கேட்பவர் அவர்தான்.