தடைப்பட்ட பயணமும் நட்டஈட்டின் அறமும்

நோய் நாள் பார்த்து வருவதில்லை. பணம் செலுத்திப் பற்றுச்சீட்டும் பெற்றுப் பெட்டியும் கட்டிவைத்த பின்னர் அது வருமாயின், இரு இழப்புகள் ஒருங்கே நேர்கின்றன. உடல் நலிதல் ஒன்று. செலுத்திய பணம் வீணாதல் மற்றொன்று. முன்னதைப் பிறர் பங்கிட்டுக்கொள்ளல் இயலாது. பின்னதைப் பங்கிட்டுக்கொள்ளல் இயலும். அவ்வாறு பங்கிட்டுக்கொள்ளும் ஒழுங்கையே பயணக் காப்புறுதி என்கின்றனர். நோயினால் பயணத்தைக் கைவிட்டு நட்டஈடு கோருபவன் தன் உரிமையைக் கேட்கின்றானா, பிறர் இரக்கத்தை யாசிக்கின்றானா, அன்றித் தனக்குரியதல்லாத ஒன்றை அடைய முயல்கின்றானா? இவ்வினா வணிகவியலோடு முடிந்துவிடுவதன்று, அறவியலுக்கும் உரியது.

மஸ்கெலியாவில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு இதனை ஆராய்தல் தகும். அவர் லயத்திற் பிறந்தவர். தோட்டப் பாடசாலையிற் கற்று, அத்தகைய பாடசாலையொன்றிலேயே கற்பித்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரிலே தொழில் புரியும் மகள், தாய்தந்தையரை உல்லாசக் கப்பலொன்றில் அழைத்துச் செல்ல விரும்பி, ஈராண்டுச் சேமிப்பைக்கொண்டு இடம் பதிவு செய்கின்றாள், காப்புறுதியும் எடுக்கின்றாள். விண்ணப்பத்தை நிரப்புமுன், “அப்பா, உங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லைதானே?” எனத் தொலைபேசியில் வினவுகின்றாள். “எனக்கென்னம்மா வருத்தம், நல்லாத்தான் இருக்கேன்” என்கின்றார் தந்தை. ‘ஏற்கெனவே நோய் உண்டா?’ என்னும் வினாவுக்கு எதிரே ‘இல்லை’ எனப் பதிகின்றாள் மகள். கப்பல் புறப்படப் பத்து நாள்கள் இருக்கையில் தந்தைக்கு மார்வலி காண்கின்றது. கடற்பயணம் ஆகாதென வைத்தியர் எழுதிக் கொடுக்கின்றார். பயணம் கைவிடப்படுகின்றது.

பயணத்தைக் கைவிடுவோரிடம் கப்பல் நிறுவனங்கள் பிடித்துக்கொள்ளும் தொகை, புறப்படும் நாள் நெருங்க நெருங்க உயர்வது வழக்கம். பல மாதங்களுக்கு முன்னர் விலகுபவர் முற்பணத்தை மட்டும் இழப்பார். இறுதி நாள்களில் விலகுபவர் முழுத் தொகையையும் இழத்தல் கூடும். திரும்பப் பெற இயலாத அத்தொகையையே காப்புறுதி ஈடு செய்கின்றது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. பயணத்தைக் கைவிடுமுன் வைத்தியரைக் காணல் வேண்டும். பயணம் தகாதென்னும் அவரது முடிவு எழுத்தில் இருத்தல் வேண்டும். காலந்தாழ்த்தாது அறிவித்தல் வேண்டும். செலுத்திய பணத்துக்கும் திரும்பக் கிடைத்த பணத்துக்கும் சான்று வேண்டும். மகள் இவை அனைத்தையும் ஒழுங்காகச் சமர்ப்பிக்கின்றாள். நிறுவனம் பழைய வைத்தியக் குறிப்புகளையும் கேட்கின்றது. தந்தையார் மூன்றாண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை பெற்றுவரும் செய்தி அவரது கிளினிக் கொப்பியில் இருக்கின்றது. கோரிக்கை நிராகரிக்கப்படுகின்றது. ஆசிரியர் பொய்யுரைத்தாரா என்பதே இப்போது எழும் வினா.

இதற்குப் பலர் உடனடியாக விடை கூறுவர். ‘அவ்வளவு பெரிய நிறுவனம்; கொடுத்தாற் குறைந்தா போய்விடும்?’ என்பது அவ்விடை. இரக்கத்திற் பிறந்ததாயினும் இவ்விடை ஏற்புடையதன்று. நட்டஈடாகக் கொடுக்கப்படும் பணம், பயணஞ் செய்யக் கருதிய பல்லாயிரவர் தத்தம் பங்காகச் செலுத்திய கட்டுப்பணத்திலிருந்து வருவது. தோட்டங்களிலே இயங்கும் மரண உதவிச் சங்கங்களை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். மாதந்தோறும் ஒவ்வொரு குடும்பமும் சிறுதொகையைச் சங்கத்திற் செலுத்துகின்றது. ஒரு வீட்டில் இழவு விழுந்தால் அப்பொதுப் பணம் அவ்வீட்டுக்குச் செல்கின்றது. அதனைப் பிச்சை என எவரும் கூறார், பெறுபவரும் நாணார். ஆயின், இல்லாத சாவைக் காட்டி ஒருவர் அப்பணத்தைப் பெற்றாரெனில், அவர் யாரை ஏமாற்றினார் என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். அடுத்த லயத்துக் கிழவியின் ஈமச்செலவை அவர் எடுத்துக்கொண்டார் என்பர். காப்புறுதியிலும் நிகழ்வது இதுவே. முகங்கள் மட்டுமே தெரிவதில்லை. முகம் தெரியாமையினால் களவு களவல்லாதாகிவிடாது.

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என வள்ளுவர் வாய்மை அதிகாரத்திற் கூறிய கருத்தை ஈண்டுச் சிலர் துணைக்கு அழைக்கலாம். ஆனால், அவர் விதித்த எல்லை ‘குற்றமற்ற’ என்பதாகும். ஒருவர் நலம் பெற, அறியாத பலர் பொருள் இழப்பாராயின் அந்நன்மையைக் குற்றமற்றது எனக் கூறல் எங்ஙனம்? 1785ஆம் ஆண்டு வெளிவந்த அறவியல் நூலில் ஜேர்மன் மெய்யியலாளர் கான்ட், பொய் வாக்குறுதியை ஆராய்ந்த முறையும் இதனையே உணர்த்துகின்றது. எல்லாரும் அவ்வாறே செய்யின் வாக்குறுதி என்னும் வழக்கமே அழியும் என்பது அவர் வாதம். பல்கலைக்கழகத்தார் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பரீட்சைக்கு ஆயத்தமில்லாதவர் வாங்கிவரும் மருத்துவச் சான்றிதழ் ஒவ்வொன்றும், காய்ச்சலோடு படுக்கையிற் கிடந்தவரின் சான்றிதழை மேலும் ஐயத்துக்கு உள்ளாக்குகின்றது. பொய்ச் சான்றின் விலையை மெய்ந்நோயாளியே செலுத்துகின்றான்.

இதுவரை கூறியவை கோருபவரின் கடமை. அதனோடு நின்றுவிடின் அறம் ஒருபக்கச் சாய்வுடையதாகும். மஸ்கெலியாவின் வரலாறு மறுபக்கத்தைக் காட்டுகின்றது.

1969இல் நிறைவுற்ற மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கும் பழைய மஸ்கெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தோரும் கடல் கடந்தவர்களே. தமிழகத்துக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்சோறு, கப்பற் செலவு ஆகிய யாவும் கடனாக எழுதப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தகரத்துண்டு முறையின்கீழ், ஆள் எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் குறி பொறித்த தகரமே பயணச்சீட்டாயிற்று. அச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. அங்கிருந்து கங்காணியின் பற்றாகவும், அதன்பின் தொழிலாளியின் பற்றாகவும் இறங்கியது. மண்டபம் முகாமில் பயணிகள் சில நாள்கள் தடுத்துவைக்கப்பட்டு மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். நோயுற்றோன் பயணம் அங்கே தடைப்பட்டது. ஆனால் கடன் தடைப்படவில்லை. அவனுக்காகச் செலவான பணம் உற்றார் உறவினரின் தலையில் ஏறுவதும் உண்டு. கடன் தீர்ந்தாலன்றித் தோட்டம் மாறவியலாதபடி கட்டிவைத்த ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது.

இதன் பின்னர் நிகழ்ந்த மாற்றம் அறவியல் நோக்கில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தையும் 1923ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டத்தையும் அடுத்து, தொழிலாளரைக் கொணரும் செலவு, தோட்டங்கள் பங்களித்த பொது நிதியொன்றிலிருந்து கொடுக்கப்பட்டது; தொழிலாளியிடம் அறவிடப்படவில்லை. வந்த ஓராண்டுக்குள் உடல்நலக் குறைவால் ஊர் திரும்ப நேரும் தொழிலாளி, தன் செலவின்றித் திருப்பி அனுப்பப்படவும் விதி செய்யப்பட்டது. அத்தகையோரின் குறைகளைக் கேட்க இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவரும் கண்டியில் இருந்தார். காப்புறுதி என்னும் பெயர் இவ்வேற்பாட்டுக்கு இல்லை. எனினும், நோயினால் குலைந்த பயணத்தின் நட்டம் நோயாளியைச் சாராது, பொது நிதியைச் சார்ந்தது. முன்னர் கடனாயிருந்தது பின்னர் உரிமையாயிற்று. ஆதலின், நோயுற்றவன் நட்டஈடு கோருதல் பேராசையுமன்று, யாசகமுமன்று என்பது மலையக மக்களுக்குப் புதிய பாடமன்று.

கூலியாகக் கடல் கடந்தோரின் துயரையும் உல்லாசக் கப்பலில் இடம் இழந்தோரின் நட்டத்தையும் ஒப்பிடுதல் பொருந்துமா என்னும் தடை இங்கே எழலாம். துயரின் அளவு ஒன்றன்று, அதனை மறுத்தற்கில்லை. ஆயினும், நோய் ஒருவனைக் குற்றவாளியாக்காதிருக்கவும் கடனாளியாக்காதிருக்கவும் வேண்டும் என்னும் நியதி இரண்டிடத்தும் ஒன்றே. ஈராண்டுச் சேமிப்பை ஒரு நாளில் இழக்கும் மகளுக்கு அது உல்லாசத்தின் இழப்பாக மட்டும் தோன்றாது. கட்டுப்பணம் செலுத்த வசதியுள்ளோருக்கே இந்நியதி இன்று பயன்படுகின்றது என்பது இவ்வேற்பாட்டின் குறை; நியதியின் குறையன்று.

இனி, நம்பிக்கையின் கடமை யார்மேல் உள்ளது என்பதை நோக்கலாம். இரு தரப்பாரும் தாம் அறிந்ததை ஒளியாது கூறவேண்டும் என்னும் மிகுநம்பிக்கைக் கோட்பாடு காப்புறுதிச் சட்டத்தின் அடிப்படை. அதனை 1766இல் இங்கிலாந்து நீதியரசர் மான்ஸ்ஃபீல்ட் வகுத்துரைத்தார். சுமாத்திராவிலிருந்த மால்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், அந்நியப் பகைவர் கோட்டையைக் கைப்பற்றக்கூடும் எனக் காப்புறுதி எடுத்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டையின் வலுவின்மையை அவர் மறைத்தார் எனக் கூறிக் காப்புறுதியாளர் பணம் கொடுக்க மறுத்தார். இக்கோட்பாட்டைப் பிறப்பித்த அவ்வழக்கில் வென்றவர் காப்புறுதி எடுத்தவரே என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. கேட்டறிந்திருக்கக்கூடியதைக் கேளாமலே கட்டுப்பணத்தைப் பெற்றுக்கொண்டு, இழப்பு நேர்ந்த பின் அதனையே காரணமாகக் காட்டுதல் நம்பிக்கைக்கு முரண் என மான்ஸ்ஃபீல்ட் கருதினார்.

இக்கருத்தின் ஒளியில் ஆசிரியரின் ‘இல்லை’ என்னும் விடை வேறுவிதமாகத் தோன்றும். மலைக்குப் போய்க் கொழுந்தெடுக்கக் கூடியவரை நோயாளி எனத் தோட்டத்தில் எவரும் அழைப்பதில்லை. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போவது அவர் எண்ணத்தில் நோயன்று, வயதின் வழக்கம். விண்ணப்பமோ ஆங்கிலத்தில், நுண்ணிய எழுத்தில் அமைந்தது. படித்தறிய இயலாத பத்திரங்களிற் கைநாட்டு இட்ட பாட்டன்மாரின் பேரன், தான் காணாத படிவமொன்றுக்குப் பொறுப்பாளியாகின்றார். ‘இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ மாத்திரை உட்கொள்கின்றீரா?’ எனத் தெளிவாகக் கேட்டிருப்பின் அவர் ‘ஆம்’ என்றே கூறியிருப்பார். வினாவைத் தெளிவாக்கும் ஆற்றல் உடையவன் அதனைச் செய்யாதபோது, விடையின் தெளிவின்மைக்கு அவனும் பங்காளியாவான்.

மௌனம் மூவகைப்படும். அறியாமையால் விளைவது ஒன்று. கவனக்குறைவால் விளைவது ஒன்று. கணக்கிட்டு மறைப்பது மற்றொன்று. மூன்றுக்கும் ஒரே தண்டனை விதித்தல் நீதியன்று. இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு நிறைவேறிய நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் இவ்வேறுபாட்டை ஏற்றுள்ளது. வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ பிழையாகக் கூறியவர் உரிமையை முழுதும் இழப்பர். உரிய கவனத்தோடு விடையளித்தவரின் உரிமை குறைவதில்லை. கவனக்குறைவாகக் கூறியவருக்கு, உண்மை தெரிந்திருந்தால் எவ்வளவு கூடிய கட்டுப்பணம் பெறப்பட்டிருக்கும் என நோக்கி, அவ்வீதத்தில் நட்டஈட்டைக் குறைக்கலாம். ஆசிரியரின் செயலையும் இத்தராசிலேயே நிறுத்தல் வேண்டும். தந்தை பொய்யரல்லர்; மகளும் பொய்யரல்லள். ஆயினும், ‘மருந்து ஏதும் குடிக்கின்றீர்களா?’ என்னும் ஒரு வினாவை மகள் கேட்டிருக்கலாம். அக்குறையின் அளவுக்கு நட்டஈடு குறைவதில் அநீதி இல்லை. ஒன்றுமே இல்லையென நிராகரிப்பதில் அநீதி உண்டு.

இவ்வொழுங்கினால் விளையும் மற்றொரு நன்மையும் குறிப்பிடத்தக்கது. பணம் பறிபோகும் என்னும் அச்சம் நோயை மறைத்துப் பயணஞ் செய்யத் தூண்டும். கப்பலிலோ நோய் ஒருவரோடு நிற்பதில்லை. 2020 பெப்ரவரியில் யோக்கோகாமாத் துறைமுகத்தில் தடுத்துவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் என்னும் உல்லாசக் கப்பலில் இருந்த ஏறத்தாழ 3,700 பேரில் 700இற்கும் மேற்பட்டோரைக் கொவிட் தொற்றியது. ‘எனக்கு உடல்நலமில்லை; நான் வரவில்லை’ எனக் கூறுவதற்கு ஒருவன் தன் சேமிப்பு முழுவதையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருப்பின், உண்மை பேசுதல் செல்வர்க்கு மட்டுமே இயல்வதாகிவிடும். நேர்மையான நட்டஈடு எளியவனுக்கும் உண்மை பேசும் வலுவைத் தருகின்றது.

எனவே, நோயினால் தடைப்பட்ட பயணத்துக்கு நட்டஈடு கோருதல் உரிமையே. அவ்வுரிமை உண்மையின் மேல் நிற்பது. அவ்வுண்மையோ இரு தரப்பாருக்கும் உரிய கடமை. பொய்க் கோரிக்கை அடுத்த நோயாளியின் பங்கைப் பறிக்கின்றது. நேர்மையற்ற நிராகரிப்பு, நோயையே கடனாக்கிய பழைய கணக்கேட்டை மீண்டும் திறக்கின்றது. அவ்வேட்டில் வழிச்செலவு எழுதப்பட்டோரின் பிள்ளைகள் இவ்விரண்டையும் ஒருங்கே வெறுத்தல் முறை.