எம்மாவு வரை கூட நடந்தவர்

இயேசுவுக்கு என்ன நேர்ந்தது என்பதை இயேசுவிடமே ஒருவர் விளக்கிச் சொல்லும் காட்சி லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வருகிறது. சொல்பவர் பெயர் கிலெயோப்பா. கல்லறை வெறுமையாகக் கிடந்த அதே ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு சீடரோடு எருசலேமை விட்டு எம்மாவு என்ற ஊருக்கு அவர் நடந்துபோகிறார். வழியில் ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார். என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். இருவரும் முகம் வாடி அப்படியே நின்றுவிடுகிறார்கள். எருசலேமில் நடந்தது தெரியாத ஆள் நீர் ஒருவர்தானா என்று கிலெயோப்பா திருப்பிக் கேட்கிறார். கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பிக்கிறார்.

அவர் சொல்வதை நிதானமாகப் படித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நாசரேத்து இயேசு சொல்லிலும் செயலிலும் வல்ல தீர்க்கதரிசி. தலைவர்கள் அவரை மரணத்துக்கு ஒப்புக்கொடுத்தார்கள். சிலுவையில் அறைந்தார்கள். இன்று மூன்றாம் நாள். விடியற்காலையில் கல்லறைக்குப் போன பெண்கள் உடலைக் காணாமல் திரும்பினார்கள். அவர் உயிரோடிருக்கிறார் என்று தேவதூதர்கள் சொன்னதாகவும் சொன்னார்கள். ஆண்கள் சிலர் போய்ப் பார்த்தபோதும் பெண்கள் சொன்னபடியே இருந்தது. இவ்வளவும் கிலெயோப்பாவுக்குத் தெரியும். ஈஸ்டர் அன்று எந்தப் போதகரும் இதைவிட முழுமையாகச் சொல்லிவிட முடியாது. செய்தியில் குறையே இல்லை. முகவாட்டம் மட்டும் தீரவில்லை. எதிரில் நிற்பவர் யார் என்றும் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நிறைய. மேற்கு நோக்கி நடந்தவர்களுக்குச் சாய்ந்த வெயில் கண்ணில் அடித்திருக்கும் என்பார் ஒருவர். அழுது அழுது பார்வை மங்கியிருக்கும் என்பார் இன்னொருவர். மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதி அவர் வேறு உருவத்தில் காட்சி தந்ததாகச் சொல்கிறது. அந்தப் பகுதி மிகப் பழைய பிரதிகள் சிலவற்றில் கிடையாது. லூக்கா, அவர்கள் கண்கள் மறைக்கப்பட்டிருந்தன என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார். யார் மறைத்தது, எதற்கு மறைத்தது என்ற விளக்கம் இல்லை. வெயிலும் கண்ணீரும் முகத்தை மறைக்கலாம், குரலை மறைக்காது. மோசே தொடங்கி எல்லாத் தீர்க்கதரிசிகள் வரையிலும் எடுத்து விளக்கும் அளவுக்கு அந்தக் குரலை அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

கிலெயோப்பாவின் பேச்சிலேயே ஒரு தடயம் கிடைக்கிறது. இஸ்ரவேலை மீட்கப்போகிறவர் இவர்தான் என்று நம்பியிருந்தோம் என்கிறார். மீட்பர் எப்படி வருவார், எப்படி ஜெயிப்பார் என்று மனத்தில் ஒரு படம் இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் அந்தப் படம் கிழிந்தது. கிழிந்த படத்தை வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்கு, பக்கத்தில் புழுதிக் காலோடு நடந்துவருகிற ஒருவர் எப்படிக் கண்ணில் படுவார்?

இந்தத் தடுமாற்றம் இவர்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. யோவான் நற்செய்தியில் மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் திரும்பிப் பார்த்து உணர்கிறாள். திபேரியாக் கடற்கரையில் நிற்பவர் யாரென்று படகிலிருந்த சீடர்களுக்குத் தெரியவில்லை. வலை கொள்ளாமல் 153 மீன்கள் விழுந்த பிறகுதான் தெரிகிறது. மரணத்தை வென்று வந்தவர் ஒளிவெள்ளத்தோடு பிலாத்துவின் அரண்மனை வாசலில் போய் நிற்கவில்லை. தோட்டக்காரராக, கரையில் நிற்கும் யாரோ ஒருவராக, வழிப்போக்கராக வந்தார்.

இங்கேதான் ஆழமான கேள்வி எழுகிறது. கடவுளை அடையாளம் தெரியாமலேயே ஒருவர் அவரை நேசிக்க முடியுமா? தெரியாமல் செய்த அன்பு அவரைச் சேருமா? கூட வந்தவரை இன்னார் என்று தெரிந்துகொள்ளாததற்காக இருவரையும் இயேசு கடிந்துகொள்ளவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மந்த இருதயம் என்று அவர் கண்டித்தது, தீர்க்கதரிசிகள் சொன்னதை நம்பத் தயங்கியதற்காக. “என்னைத் தெரியவில்லையா” என்ற வருத்தம் அந்த நடையில் எங்கும் கிடையாது.

ஊர் நெருங்குகிறது. அவர் இன்னும் அப்பால் போகிறவரைப் போல நடக்கிறார். இதை நடிப்பு என்றோ பரீட்சை என்றோ சிலர் சொல்வதுண்டு. அப்படிக் கொள்ளத் தேவையில்லை. அழையாத வீட்டுக்குள் நுழையாத வழிப்போக்கரின் மரியாதை அது. அவர்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவர் போயே இருப்பார்; வேதம் விளக்கிய யாரோ ஒரு நல்ல மனிதரை வழியில் பார்த்தோம் என்ற நினைவோடு அந்த நாள் முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் விடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று வருந்தி அழைக்கிறார்கள். சீடர்களில் மற்றவர் யார் என்று லூக்கா சொல்லாததால், சிலுவையருகே நின்றதாக யோவான் குறிப்பிடும் கிலெயோப்பாவின் மரியாள்தான் அவர் என்று கருதுவோரும் உண்டு. அது சரியென்றால், துக்கத்தோடு வீடு திரும்பும் தம்பதி, முன்பின் தெரியாத ஒருவருக்குக் கதவைத் திறந்த மாலை அது.

இதே லூக்காவின் 9ஆம் அதிகாரத்தில் இதே போன்ற ஒரு மாலை வருகிறது. பொழுது சாய்கிறது. ஐயாயிரம் ஆண்கள் வனாந்தரத்தில் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பன்னிரண்டு சீடர்களும் வந்து, இவர்களை அனுப்பிவிடும், ஊர்களுக்குப் போய்த் தங்கிச் சாப்பிடட்டும் என்கிறார்கள். அங்கே பொழுது சாய்ந்தது அனுப்பிவிடுவதற்குக் காரணம் ஆயிற்று. எம்மாவில் அதே சாய்ந்த பொழுது, போகாதேயும் என்று தடுப்பதற்குக் காரணமாகிறது. வேதவிளக்கம் கேட்டு உள்ளத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. தங்கள் இழப்பைத் தவிர வேறெதுவும் தெரியாமல் புறப்பட்டவர்கள், அந்நியர் ஒருவர் இரவை எங்கே கழிப்பார் என்று கவலைப்படத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த அழைப்பிலிருந்து ஒரு பாடல் பிறந்தது. இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில், பிரிக்ஸம் என்ற மீன்பிடி ஊரின் குருவானவர் ஹென்றி பிரான்சிஸ் லைட், காசநோயால் நலிந்திருந்த 1847இல் ‘அபைட் வித் மீ’ பாடலை எழுதினார்; அதே ஆண்டு நவம்பரில், இன்று பிரான்சில் இருக்கும் நீஸ் நகரில் காலமானார். காந்தியடிகள் விரும்பிக் கேட்ட பாடல் இது. குடியரசு தின விழாவை நிறைவுசெய்யும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் ராணுவ இசைக்குழு பல ஆண்டுகள் இதை வாசித்துவந்தது. 2022இல் அது விலக்கப்பட்டது. தமிழ்ப் பாமாலையிலும் இதற்கு இடம் உண்டு. அடக்க ஆராதனைகளில் இதைப் பாடுகிறவர்கள், சாகும் வேளையில் துணைக்கு இரும் என்று ஆண்டவரைக் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. ஆனால் எம்மாவில் முதன்முதலாக அதைச் சொன்னவர்கள் தங்களுக்குத் துணை தேடிச் சொல்லவில்லை. இருட்டில் தனியே போகவிருந்த இன்னொருவருக்காகச் சொன்னார்கள்.

பந்தியில் உட்கார்ந்ததும் முறை தலைகீழாகிறது. யூத வழக்கப்படி ஸ்தோத்திரம் சொல்லி அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர். இங்கே விருந்தாளி அதைச் செய்கிறார். அந்தக் கணத்தில் கண் திறக்கிறது, அறிந்துகொள்கிறார்கள், அவர் மறைந்துபோகிறார். கையிலிருந்த ஆணித் தழும்பைப் பார்த்துக் கண்டுகொண்டார்கள் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. லூக்கா அப்படி எழுதவில்லை. கடைசி இராப்போஜனத்தின் நினைவு வந்தது என்ற விளக்கத்திலும் சிக்கல் இருக்கிறது. அந்தப் பந்தியில் இருந்தவர்களாக லூக்கா சொல்வது அப்போஸ்தலர்களை மட்டுமே, இவர்கள் இருவரும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. அந்தக் கைகள் அப்பத்தைப் பிடுகிற விதத்தை வேறு பந்திகளில், ஒருவேளை அந்த வனாந்தரத்திலேயே, அவர்கள் பார்த்திருக்கலாம்.

கி.பி. 590 முதல் 604 வரை ரோமில் போப்பாக இருந்த பெரிய கிரகோரி இந்தப் பகுதியைப் பற்றி ஒரு மறையுரை ஆற்றினார். வேதக் கட்டளைகளைக் கேட்டபோது அவர்களுக்கு ஒளி கிடைக்கவில்லை, அவற்றைச் செய்தபோது கிடைத்தது என்பது அவர் கருத்து. கூடவே ஒரு சம்பவமும் சொன்னார். வழிப்போக்கர்களைத் தினமும் அழைத்துவந்து தன் பந்தியில் உட்காரவைக்கும் ஒரு குடும்பத் தலைவர் இருந்தார். ஒருநாள் வந்தவர்களில் ஒருவருக்குக் கைகழுவத் தண்ணீர் வார்க்க நினைத்து, செம்பை எடுக்கத் திரும்பினார். மறுபடி பார்த்தபோது ஆள் இல்லை. அன்றிரவு தரிசனத்தில் ஆண்டவர் அவரிடம் பேசினார்: மற்ற நாட்களில் என் உறுப்புகளானவர்கள் வழியாக என்னை ஏற்றாய், நேற்று என்னையே ஏற்றாய் என்றாராம்.

இந்தக் கதையில் மனத்தைத் தொடுவது அந்த ‘மற்ற நாட்கள்’. யாரும் மறையாத, எந்தத் தரிசனமும் கிட்டாத நாட்கள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள், போனார்கள். அந்த நாட்களும் கணக்கில் சேர்ந்தன என்கிறார் கிரகோரி. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நீதிமான்களே வியந்து கேட்கிறார்கள்: உம்மை எப்போது பசியுள்ளவராகக் கண்டோம், எப்போது அந்நியராகக் கண்டு சேர்த்துக்கொண்டோம்? அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கின் 53ஆம் அதிகாரம், வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்கச் சொல்கிறது. ஏழைகளையும் யாத்திரிகர்களையும் ஏற்பதில் தனி அக்கறை காட்டச் சொல்கிறது. பணக்காரருக்கு அவருடைய தோரணையே மரியாதை வாங்கித் தந்துவிடும் என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது.

ஓவியர்களில் கரவாஜ்ஜோ 1601இல் வரைந்த எம்மாவு விருந்து புகழ்பெற்றது. லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. தாடியில்லாத இளைஞராக இயேசு. நாற்காலியிலிருந்து துள்ளி எழும் சீடர். பக்கத்தில் தொப்பியோடு நிற்கும் விடுதிக்காரருக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. ஆனால் தெரியாமல் செய்த அன்பு அவரைச் சேருமா என்ற கேள்விக்கு இன்னும் நெருக்கமான படம் டப்ளினில், அயர்லாந்து நேஷனல் காலரியில் இருக்கிறது. 1618 வாக்கில், இருபது வயதை ஒட்டிய வெலாஸ்கெஸ் செவில் நகரில் வரைந்தது. முன்னால் இருப்பது அடுக்களை மேசை: ஒரு ஜாடி, கவிழ்த்துவைத்த கிண்ணங்கள், பூண்டு, உரலும் குழவியும். தலையில் வெள்ளைத் துணி கட்டிய கறுப்பினப் பணிப்பெண் மேசைமேல் சற்றே குனிந்து நிற்கிறாள். கை ஜாடியைப் பிடித்தபடி இருக்க, கவனம் வேறெங்கோ. அடிமைகள் ஏராளமாக இருந்த நகரம் அன்றைய செவில். நெடுங்காலம் இதை வெறும் சமையலறைக் காட்சி என்றே நினைத்திருந்தார்கள். 1933இல் படத்தைச் சுத்தம் செய்தபோது, மேலே பூசியிருந்த வண்ணத்துக்கு அடியிலிருந்து இடது மூலையில் ஒரு சிறு திறப்பு வெளிப்பட்டது. அதற்கு அப்பால் எம்மாவுப் பந்தி, இயேசு உட்கார்ந்திருக்கிறார்.

அந்த விருந்துக்குச் சமைத்தவர் யார் என்று லூக்கா யோசிக்கவில்லை. வெலாஸ்கெஸ் யோசித்தார். வேதவிளக்கம் எதையும் கேட்காத, பந்தியில் இடம் கிடைக்காத ஒருத்தி அந்த அப்பத்தை அனுப்பிவைத்திருக்கிறாள். யாருக்கு என்று தெரியாமல் செய்த வேலையும் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை அந்தப் படத்தைவிடத் தெளிவாக எந்த மறையுரையும் சொன்னதில்லை.

அப்படியானால் அடையாளம் தெரிவது எதற்கு? தெரியாமல் செய்த அன்பே போதும் என்றால் கண் திறந்ததில் என்ன லாபம்? இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. கண் திறந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம், வழியில் நம் உள்ளம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது. எரிந்துகொண்டிருந்தபோது அதற்குப் பெயர் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, அந்த நடை முழுவதும் பின்னோக்கி வெளிச்சம் பெறுகிறது. இரண்டாவது காரியம், அந்த நேரமே எழுந்து எருசலேமுக்குத் திரும்பியது. பொழுது சாய்ந்தபின் பயணம் கூடாது என்று சற்றுமுன் விருந்தாளியைத் தடுத்தவர்கள், அதே இருட்டில் தாங்களே இறங்கி நடக்கிறார்கள். அன்பு செய்ய அடையாளம் தேவைப்படவில்லை. ஆனால் விட்டு வந்த சகோதரர்களிடம் திரும்பிப் போக அது தேவைப்பட்டது.

எவ்வளவு தூரம் திரும்பினார்கள் என்பதில் பிரதிகள் வேறுபடுகின்றன. பெரும்பாலானவற்றில் 60 ஸ்தாதி, ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நான்காம் நூற்றாண்டின் சினாய்ப் பிரதி உட்படச் சிலவற்றில் 160 ஸ்தாதி, அதாவது 30 கிலோமீட்டர் அளவு. அதனால் எம்மாவு எது என்பதிலும் ஒருமித்த முடிவு இல்லை. அல்குபைபா, அபுகோஷ், மோத்சா என்று பல இடங்கள் உரிமை கொண்டாடுகின்றன. பழங்காலத் திருச்சபை அறிஞர்களான யூசேபியுவும் ஜெரோமும் எம்மாவு என்று கொண்ட இடம் லாத்ரூன் அருகிலுள்ள இம்வாஸ். 1967 ஜூன் போரில் இஸ்ரேலிய ராணுவம் அந்தப் பாலஸ்தீனக் கிராமத்து மக்களை வெளியேற்றி, வீடுகளை இடித்தது. ஊர் இருந்த நிலத்தில் இன்று கனடா பூங்கா என்ற உல்லாசப் பூங்கா பரந்திருக்கிறது. அந்நியரை உள்ளே அழைத்ததற்காக உலகம் நினைவில் வைத்திருக்கும் ஊரின் குடிகள், தங்க இடம் தேடிச் சாலையில் நடந்தார்கள். எம்மாவைப் பற்றி எழுதும் எவரும் இதைச் சொல்லாமல் கடந்துபோவது சரியாகாது.

எருசலேமுக்கு ஓடிவந்த இருவரும் சொல்ல வாய் திறப்பதற்குள், கர்த்தர் உயிர்த்தெழுந்தார், சீமோனுக்குத் தரிசனமானார் என்று அங்கே கூடியிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகு இவர்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இயேசு நடுவில் வந்து நிற்கிறார். அப்பம் பிட்டபோது கண்ட இருவரும் அந்த அறையில்தான் இருக்கிறார்கள். இருந்தும், அங்கிருந்தவர்கள் ஆவியைக் கண்டதாக நினைத்துக் கலங்கினார்கள் என்று எழுதும் லூக்கா, அந்த இருவருக்கு விலக்கு எதுவும் தரவில்லை. கையையும் காலையும் காட்டிய பிறகும் நம்ப முடியாமல் நிற்கிறார்கள். சாப்பிட இங்கே ஏதாவது இருக்கிறதா என்று இந்த முறை அவரே கேட்கிறார். பொரித்த மீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.