மலையிலேயே தங்கும் வைத்தியம்



பெரம்பலூரிலிருந்து ஆத்தூர்ச் சாலையில் பிரயாணம் செய்வோர், வேப்பந்தட்டையையும் கிருஷ்ணாபுரத்தையும் கடக்கையில், சோளக் கொல்லைகளுக்கு அப்பால் மேற்கே எழுந்து நிற்கும் பச்சைமலையைக் கண்டிருப்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் கல்வராயன் மலையிலும், நடுவண்ணன் இந்தப் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது, மலையாளிகள் என்று வழங்கப்படும் நம் மலைவாசிகள் தங்கள் பூர்வீகத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. மரவள்ளியும் முந்திரியும் விளைவித்து வாழும் அந்த ஜனங்களின் வீட்டில் நள்ளிரவில் ஒரு கர்ப்பிணிக்கு வலி கண்டுவிட்டால் என்ன நிகழும் என்பதைக் கீழ்நாட்டில் வாழும் நாம் அதிகம் சிந்தித்ததில்லை. சாலை எட்டாத குடியிருப்பானால், மூங்கில் கழியில் தூளி கட்டி, நான்கு பேர் தோள் மாற்றிச் சுமந்து, வண்டி நிற்கும் இடம்வரை அவளைக் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும்.

பெரியண்ணன் வழியினர் வாழும் பக்கத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில், தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த சித்திலிங்கி என்ற ஊர் இருக்கிறது. காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற வைத்தியத் தம்பதியர் 1993-ஆம் ஆண்டில் அங்கே சென்று, ஊரார் கட்டிக்கொடுத்த ஒரு குடிசையில், நூறு வாட் பல்பின் வெளிச்சத்தில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அப்போது அந்த வட்டாரத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் மாண்டன. பின்னாளில் அந்த எண் இருபதை ஒட்டி இறங்கியது. இந்த இறக்கத்துக்கு அந்த இருவரின் திறமையும் தியாகமும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்கள் செய்த காரியங்களுள் தலையாயதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே தேர்ந்து, பிரசவம் பார்க்கவும், நோயின் குறிகளை அறியவும், ரத்தம் சோதிக்கவும், அறுவைச் சிகிச்சையில் துணை நிற்கவும் வருஷக்கணக்கில் பொறுமையாகப் பயிற்றுவித்து, ஊர்தோறும் ஒருத்தி ஆரோக்கியப் பணியில் நிற்கும்படி செய்தார்களே, அதைத்தான் சொல்கிறேன். வைத்தியர் என்றைக்காவது மாற்றலாகிப் போவார். அந்தப் பெண்ணோ அந்த ஊரிலேயே பிறந்தவள், அல்லது அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

இத்தகைய பெண்களால் என்ன முடியும் என்று சந்தேகிப்போர், மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மற்றொரு வைத்தியத் தம்பதியர் செய்து காட்டியதை அறிய வேண்டும். சளியும் ஜுரமும் கண்ட குழந்தைக்கு நிமோனியாவா அல்லவா என்பதை அறிய அதன் மூச்சை எண்ண வேண்டும். அழுகை ஓயும்வரை தாயின் மடியிலேயே விட்டுவைத்து, சட்டையைச் சற்று ஒதுக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுவதும் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுவானால் 60, ஒரு வயதுக்கு உட்பட்டதானால் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரையில் 40 என்ற கணக்கை மூச்சு எட்டிவிட்டால் தாமதமின்றி மருந்து தேவை. எழுத்தறியாத மருத்துவச்சிகளும் இதை எண்ணுவதற்காக, ஒரு நிமிஷ மணல் கடிகாரத்தையும் மணிகளையும் ஒரு சட்டத்தில் பொருத்தி, பத்து மூச்சுக்கு ஒரு மணியாகத் தள்ளும்படி அங்கே ஒரு கருவி செய்து கொடுத்தார்கள். கிராமத்துப் பெண்களே வீடு சென்று பச்சிளம் சிசுக்களைப் பேணியதால் மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன என்ற அவர்களுடைய ஆராய்ச்சி, 1999-இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்து உலகத்தின் கவனத்தை ஈர்த்தது.

நம் மாநிலத்திலும், 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் தன்னார்வலர்களாக வீடு வீடாகச் சென்று, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைக் கையிலேயே கொடுத்து வருகிறார்கள். பட்டணத்தில் இருப்பவருக்கு இது ஒரு சௌகரியம். மலையில் இருப்பவருக்கு இதன் மதிப்பே வேறு. பிரஷர் மாத்திரைக்காக மலையிறங்கினால் ஒரு நாள் கூலி போயிற்று, பஸ் கட்டணமும் போயிற்று. உடம்பில் வலியொன்றும் தெரியாத நோய்க்கு இவ்வளவு செலவா என்று எண்ணி, மாத்திரை தீர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் பக்கவாதம் வந்து கையும் காலும் விழுந்துவிடுகின்றன. திண்ணையில் வந்து அமர்ந்து, “ஆத்தா, கையை நீட்டுங்க, இந்த மாசத்து மாத்திரை எல்லாம் முழுங்கினீங்களா?” என்று கேட்டு, அட்டையைத் திருப்பி மீதம் எண்ணிப் பார்க்கும் ஒரு பெண், அந்தக் குடும்பத்தின் உழைக்கும் கைகளைக் காப்பாற்றிவிடுகிறாள்.

பெரம்பலூரை அடுத்த அரியலூரில் மலையில்லை, சுண்ணாம்புக்கல் பூமியும் கொள்ளிடக் கரையுமான சமவெளி அது. ஆனால் 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வருங்கால வைத்தியர்கள் பச்சைமலைக்குச் சமீபத்திலேயே இப்போது பயில்கிறார்கள். அவர்கள் சில தினங்களாவது இந்தப் பெண்களின் பின்னால் நடந்து, எந்த வீட்டில் யார் மாத்திரையை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பதைக் கேட்டறிந்தால், புத்தகத்தில் கிடைக்காத பாடம் பெறுவார்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். இந்தப் பெண்களைச் சேவகிகள் என்றும் தியாகிகள் என்றும் மேடையில் புகழ்கிறோம். அவர்களுக்கு வழங்கப்படுவதோ சிறு ஊக்கத்தொகை. சமவெளியில் ஒரு தெருவில் இருபது வீடுகளைப் பார்த்துவிடலாம்; மலையில் ஒரு குடியிருப்புக்கும் மறு குடியிருப்புக்கும் இடையில் ஏறி இறங்கும் நேரத்தில் பாதிப் பகல் கழிந்துவிடும். ஆதலால் மலையில் பணிசெய்வோருக்குத் தனியாக நடைப்படி தரவேண்டும். வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அவர்கள் வேலையை அளப்பது நியாயமாகாது. ஊக்கத்தொகையும் மாதந்தோறும் குறித்த தேதியில் கைக்கு வந்து சேரவேண்டும். அவர்கள் கொண்டுவரும் மாத்திரை ஒரு வாரம் தாமதித்தால் நாம் பொறுப்பதில்லை அல்லவா?