கோடிக்குழகருக்கு யார் துணை?

கடவுளிடம் துணை கேட்கும் பாட்டு தமிழில் கணக்கில்லாமல் இருக்கிறது. கடவுளைப் பார்த்து, உமக்கு யார் துணை என்று கண்கலங்கிக் கேட்கும் பாட்டு அபூர்வம். ஏழாம் திருமுறையின் 32-ஆம் பதிகம் அப்படிப்பட்டது. சுந்தரர் அதைக் கோடிக்கரையில், குழகர் என்ற பெயரில் இருக்கும் சிவனைப் பார்த்துப் பாடினார். பண் கொல்லி, இன்று நவரோஜ் ராகத்தில் பாடுகிறோம். தாலாட்டுக்கு ஆகிவந்த ராகம். வேதாரண்யத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவள் நான். இந்தப் பதிகத்துக்கு வந்தால் பிள்ளைகளின் குரல் தானாக இறங்கிவிடும். சாமி ஏன் டீச்சர் தனியா இருக்கு என்று யாராவது ஒரு குழந்தை கேட்டே தீரும். அதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

பெரியபுராணம் சொல்லும் கதை இது. சேரமான் பெருமாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு திருமறைக்காட்டில், அதாவது எங்கள் வேதாரண்யத்தில், வழிபட்ட சுந்தரர், அகத்தியான்பள்ளி வழியாகக் கோடிக்கு வருகிறார். கோயில் இருக்கிறது, சுற்றிலும் குடியிருப்பு இல்லை. அவருக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. கடற்காற்று இப்படி வந்து மோதுகிறதே, பக்கத்தில் நாலு குடி இருந்தால் குற்றமா என்கிறார். அன்று கடல் நஞ்சை உண்டீரே, அந்தக் கடலுக்கு இன்னும் ஏதோ உதவி பாக்கி என்றா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர் என்கிறார். மறைக்காட்டில் அடியார்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டிருக்க, இங்கே என்ன தனிக்குடித்தனம் என்கிறார். காடு பெரிது, அம்மை பயப்படுவாளே, பொந்துகளில் ஆந்தையும் கூகையும் அலறுகின்றனவே என்கிறார். தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கியவர் அவர். தோழன் கேட்கிற கேள்விகளாகத்தான் எல்லாம் இருக்கின்றன.

ஆந்தை இருக்கும் இடத்தில்தான் என்னை இந்தப் பதிகம் பிடித்து நிறுத்துகிறது. சுந்தரர் காது கேட்காதவர் இல்லை. பறவைகளின் குரலைக் கேட்டார், அவை வசிக்கும் பொந்தைப் பார்த்தார், பாட்டிலும் வைத்தார். இடப்பாகத்தில் உமை, தலையில் கங்கை, போதாததற்குக் கூடவே காட்டுத் தெய்வம், மூவரையும் சொல்கிறார். இத்தனை பேரையும் எண்ணிவிட்டுத்தான் தனியே இருக்கிறீரே என்கிறார். அப்படியானால் அவர் கணக்கில் துணை என்பது என்ன? ஓர் உயிர் பக்கத்தில் இருப்பது போதாதா? காட்டில் ஆயிரம் உயிர் இருந்தும் ஓர் இடம் தனியிடம் ஆகுமா?

பாட்டு பிறந்த மண்ணில் நடக்காமல் இதை யோசிக்க முடியாது. வங்கக் கடற்கரை தெற்கே இறங்கி வந்து, சட்டென்று மேற்கே மடங்கிப் பாக் நீரிணையின் கரையாகிவிடும் மூலை அது. வேதாரண்யத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சொச்சம். பொன்னியின் செல்வன் படித்துவிட்டுப் பூங்குழலியைத் தேடி வருகிறவர்கள் நிறைய. அவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நடக்க வேண்டிய இடங்கள் வேறு. ராமர் பாதம் இருக்கும் மணல்மேட்டிலிருந்து பாலை மரக் காட்டுக்குள் போகும் தடம் ஒன்று. உப்புச் சதுப்பின் விளிம்பு ஒன்று. அலை நனைக்கும் ஈரமணல் ஒன்று. எதுவும் நீண்ட நடை இல்லை. முழங்கால் வலியோடு நான் நடக்கிறேன் என்றால் யாரும் நடக்கலாம்.

மார்கழி கழிந்து தை பிறந்ததும் சதுப்போரம் போவேன். உள்ளூர்க்காரரான வனக்காவலர் ஒருவர் கூட வருவார். வேடர்களைப் பொல்லாதவர்கள் என்கிறது பதிகம். அந்த ஒரு பாட்டோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த மண்ணில் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர்கள் எல்லாருமே இந்தக் காட்டை அண்டிப் பிழைத்தவர்கள்தான். "டீச்சர், இதுக்கு மேல போவாதீங்க. ஒண்ணு பறந்தா எல்லாம் பறந்துரும்" என்பார் அந்தக் காவலர். நிற்பேன். கொசு உள்ளான் கூட்டம் நீர் விளிம்பில் மேயும். உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு, இருபது முப்பது கிராம் தேறினால் அதிகம். வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாச் சமவெளியில் பிறந்தது. நீர் ஓர் அங்குலம் வடிந்தால் ஓர் அங்குலம் முன்னேறும், ஏறினால் பின்வாங்கும். கால் அடியெடுப்பது தெரியாது, ஈரத்தில் விழும் மூன்று விரல் தடம்தான் தெரியும். அதற்குச் சற்று உள்ளே, வளைமூக்கு உள்ளான் அலகை வேர்வரை சேற்றில் செருகி நிற்கும். அலகின் நுனியில் உணர்வு உண்டு. கண்ணுக்குத் தெரியாத புழுவைத் தொட்டே கண்டுபிடிக்கும். இன்னும் தள்ளி, கலங்கிய நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து அலகால் சலித்துக்கொண்டிருக்கும்.

சாலிம் அலி காலந்தொட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளை வலையிட்டுப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விட்டுவருகிறார்கள். எங்கேயாவது இதைக் கண்டால் சொல்லுங்கள் என்பதுதான் அந்த வளையத்தின் செய்தி. பிடிபடும் பறவைக்கு அது நிச்சயம் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த வளையத்தில் நான் காண்பது ஒரு விசாரிப்பு. எங்கே போனாய், சுகமா, யாரோடு போனாய்? சுந்தரர் கேட்டதும் இந்த மாதிரிக் கேள்விகள்தான்.

ஆயிரம் உள்ளான்களுக்கு எதிரே நிற்கும்போது தெரிகிறது, நான் துணையோடு நிற்கவில்லை. அவை ஒன்றுக்கொன்று துணை. ஒன்று எழுந்தால் மற்றவை எழும், வல்லூறின் நிழலுக்கு ஒரே உடம்பாகத் திரும்பும். அந்தக் கூட்டத்தில் எனக்கு இடமில்லை. அவற்றின் கணக்கில் நான் விலகிப்போக வேண்டிய ஓர் உருவம், அவ்வளவே. அதேபோல வெட்டவெளிப் புல்லில் ஆண் வெளிமான் ஒன்று முறுக்குக் கொம்போடு நிற்கும். தன் புழுக்கையைக் குவித்து எல்லை வைத்து, அந்தத் துண்டு நிலத்தை மற்ற ஆண்கள் மிதிக்காமல் காக்கும். பெட்டைகள் வந்து போகும். அது நின்றபடியே நிற்கும். பங்குனி ஆமை இரவில் கரையேறி நூறு முட்டை இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குஞ்சுகள் தாயைப் பார்ப்பதே இல்லை. உயிர் நிறைந்திருப்பதும் துணை இருப்பதும் வேறு வேறு. சுந்தரர் ஆந்தையைத் துணைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. ஆந்தை தன் வாழ்வை வாழ்கிறது. அதைச் சாமிக்குக் காவலாகவோ நமக்கு அலங்காரமாகவோ ஆக்காமல், அலறுகிறது என்று மட்டும் சொல்லி விட்டிருக்கிறார். அது எனக்கு மரியாதையாகவே படுகிறது.

எங்கள் ஊரில் எனக்குச் சித்தாந்தம் சொல்லிக்கொடுத்த ஐயாவிடம் இதைப் பேசினேன். "பதிக்குத் தனிமை ஏதும்மா? ஒன்றாய், வேறாய், உடனாய் எல்லா உயிரோடும் நிற்கிறவன். சுந்தரர் அழுதது அன்பு மேலிட்டு, அதில் தத்துவம் தேடாதே" என்றார். ஆனால் அவர் சொன்ன மூன்று சொற்களே எனக்குச் சதுப்போரத்தில் உதவின. எல்லா உயிரும் ஒன்று என்று சொல்லிவிடுவது எளிது. மேடையில் தினமும் சொல்கிறோம். வேறு என்பதை, நான் ஓர் அடி எடுத்து வைத்ததும் எழுந்துவிடும் கூட்டம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுகிறது. கடினம் மூன்றாவதுதான். ஒன்றாகிவிடாமல், ஒதுங்கியும் போய்விடாமல், உடன் இருப்பது. சிவனுக்கு அது இயல்பு. நமக்குப் பயிற்சி வேண்டும்.

இங்கேதான் சுந்தரரின் ஆசை எனக்குச் சங்கடமாகிறது. பக்கத்தில் குடிகள் இருந்தால் குற்றமா என்றாரே, அது நடந்துவிட்டது. குழகர் கோயில் இருக்கும் கோடியக்காட்டில் இன்று வீடுகள் உண்டு, பஸ் உண்டு, சாமிக்கு விளக்கேற்ற ஆள் உண்டு. சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கேள்வியை உள்ளானின் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள். குடிகள் பெருகாமல் விட்ட துண்டு நிலம்தான் 1967-இல் சரணாலயம் ஆயிற்று. 2002-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியதும் அதனால்தான். சுந்தரரை அழவைத்த வெறுமைதான் வெளிமானைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அன்பு கிட்டே போகச் சொல்கிறது. அன்பு வைக்கப்பட்ட உயிருக்கோ தூரம் வேண்டியிருக்கிறது. பங்குனியில் வடக்கே புறப்படுவதற்கு முன் அந்தச் சின்ன உடம்பு கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். படம் எடுக்க ஒருவர் நெருங்கும் ஒவ்வொரு தடவையும் அது மேய்ச்சலை விட்டுப் பறக்கிறது. சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது. நாய் வந்தாலும் அதே கதி. பக்திப் பரவசத்தில் மைக் செட் வைத்தாலும் அதே கதிதான் என்று என் பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். சிலருக்குக் கோபம்.

தூரம் என்றால் கைவிடுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரையேறியது. காட்டில் மரங்கள் சாய்ந்தன, மான்களும் மட்டக்குதிரைகளும் செத்தன. எங்கள் வீட்டுக் கூரையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், காட்டுக்குள் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தவர்கள் காவலர்கள். சீமைக்கருவேல் புல்வெளியை விழுங்கிக்கொண்டே போகிறது. அதை வெட்டி வேரோடு எடுக்கும் வேலைக்கு முடிவே இல்லை. தூர நின்று செய்யும் துணை என்றால் இந்த மாதிரி வேலைகள்தான். பெரும்பாலும் கூலி குறைந்த, யாரும் படம் எடுக்காத வேலைகள்.

கோடிக்கரைக்குப் போய்வந்தவர்களை, "என்ன கிடைத்தது?" என்று கேட்கிறோம். பூநாரை கிடைத்ததா, மான் கிடைத்ததா? கோயிலுக்குப் போய்வந்தவரிடமும், "தரிசனம் நல்லபடி கிடைத்ததா?" என்போம். சுந்தரர் அங்கே போனபோது அவருக்கு என்ன கிடைத்தது என்று பதிகத்தில் தேடினேன். பொன் கேட்டவர், நெல் கேட்டவர், நெல்லைச் சுமக்க ஆளும் கேட்டவர் அவர். கோடியில் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் எதிரில் இருப்பவரின் நிலைமையைப் பற்றி. கரையோரம் நடக்கையில் எனக்கு வேண்டியது அந்த மனசுதான். இந்த வருஷம் எத்தனை வந்திருக்கிறது, தண்ணீர் போதுமா, நாய் தொல்லை உண்டா? காவலரிடம் இதைத்தான் கேட்கிறேன். பட்டியலில் ஒரு பறவை கூடியதா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

இன்னொன்றும் உண்டு. சுந்தரர் அங்கே தங்கவில்லை. பத்துப் பாட்டுப் பாடினார், சேரமானோடு பாண்டிநாட்டுக்குப் புறப்பட்டு மதுரைக்குப் போய்விட்டார். அவ்வளவு அழுதவர் ஒரு குடிசை போட்டு இருந்திருக்கலாமே என்று ஐயா கேட்டார். அவர் இருந்திருந்தால் ஒரு மடம் வந்திருக்கும், மடத்தைச் சுற்றி வீதி வந்திருக்கும், ஆந்தைக்குப் பொந்து மிஞ்சியிருக்காது என்றேன். ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. அடியார் கூட்டம் இல்லாத சிவனைத் தன்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்கிறார். எனக்கு முடிகிறது. வருகிற தை மாதம் அவரைச் சதுப்பு வரைக்கும் அழைத்துப் போய், அங்கே வைத்து இந்த வழக்கைத் தொடரலாம் என்றிருக்கிறேன்.