உயிரின் மாற்று

கொலையுண்டவன் குழியில் கிடக்கிறான். இன்னும் மண் தள்ளவில்லை. கொன்றவன் வந்து, திறந்த குழியருகே 20 ஷில்லிங்கை வைக்கிறான். மொத்தத் தொகையையும் 40 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அவன் நாட்டை விட்டு ஓடிப்போனால் அவனுடைய பந்துக்கள் பாதியைக் கட்ட வேண்டும்.

இது கதையல்ல. இங்கிலாந்தின் தென்கிழக்கே கெண்ட் ராஜ்யத்தை ஆண்டு, 616-ல் இறந்த எத்தல்பெர்ட் அரசனின் சட்டம். அடிமையல்லாத குடியானவனின் உயிருக்கு 100 ஷில்லிங். கட்டைவிரல் போனால் 20. குழியருகே வைப்பதும் அதே 20தான். சுண்டுவிரலுக்கு 11, நடுவிரலுக்கு வெறும் 4. நடுவிரலைவிடச் சுண்டுவிரல் உசத்தி!

படிக்கும்போது நமக்குக் கூசுகிறது. மனிதனைக் கூறு போட்டு விலை எழுதினாற்போல் இருக்கிறது. ஆனால் அந்தப் பொன் செத்தவனுக்கு விலையல்ல என்றே நினைக்கிறேன். உயிரோடிருக்கும் தம்பியின் இடுப்பில் ஒரு கத்தி இருக்கிறதே, அது உறையிலேயே கிடப்பதற்காகக் கொடுத்தது. பழிக்குப் பழி என்று கிளம்பினால் பேரன் காலத்திலும் முடியாது. கொடுப்பவனுக்கு வயிறு எரிய வேண்டும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் வாங்குபவனின் நெருப்பு அடங்கும்.

எத்தல்பெர்ட் காலத்தில் ஷில்லிங் என்பது இவ்வளவு எடைப் பொன் என்ற கணக்குத்தான். கடலுக்கு அப்பால் பிராங்கியர் நாட்டுக் காசுகளும் புழங்கின. 630-ஐ ஒட்டித்தான் ஆங்கிலேயர் சொந்தமாகப் பொற்காசு அடிக்கலானார்கள். ஒவ்வொன்றும் சுமார் 1.3 கிராம். 1828-ல் ஹாம்ப்ஷயரில் கிராண்டல் என்ற ஊரில் ஒரு புதையல் அகப்பட்டது. கிட்டத்தட்ட நூறு காசு. யாரோ ஒருவன் உயிருக்காக எண்ணி வைத்த தொகையோ என்று ஆராய்ச்சியாளர்கள் ஊகித்திருக்கிறார்கள்.

பிறகு பொன் வரத்துக் குறைந்தது. அக்கசாலையில் வெள்ளியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மாற்றுக் குறைந்து, காசு வெளிறியது. 675-ஐ ஒட்டிப் பொன் பெயருக்குத்தான். அப்புறம் வெளிப்படையாகவே வெள்ளிக் காசு வந்துவிட்டது. அதே காலத்தில் கெண்டை ஆண்ட லோத்தேர், ஈட்ரிக் என்ற அரசர்களின் சட்டத்தைப் பாருங்கள். குடியானவன் உயிருக்கு அதே 100 ஷில்லிங்!

காசு வேறு, கணக்கு வேறு என்று சமாதானம் சொல்லலாம். எடை போட்டு வாங்கியிருப்பார்கள் என்றும் சொல்லலாம். சந்தையில் மட்டக் காசை நீட்டினால் வியாபாரி இரண்டு கூடக் கேட்பான். தகராறு அத்தோடு போயிற்று. குழியருகே நிற்கும் தம்பி எப்படிக் கேட்பான்? "இதில் வெள்ளி தூக்கல், இன்னும் பத்து வை" என்று பேரம் பேசினால் அண்ணனை விற்றவனாவான். பேசாமல் வாங்கிக்கொண்டால் ஏமாந்தவனாவான். வெளிறிய காசை ஒரு கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவனுடைய மற்றொரு கை எங்கே போகும்?