புகையில்லா வண்டியும் செய்வித்த தீங்கும்

1993ஆம் ஆண்டு டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு இருக்கை மின்சாரக் கார் காட்சிக்கு வந்தது. சாலக்குடியிலும் கோவையிலும் இயங்கிய எடி நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா எலெக்ட்ரிக்குடன் சேர்ந்து உருவாக்கிய வண்டி அது. ஈய-அமில பேட்டரியில் ஒரு சார்ஜுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் ஓடியது, விற்பனையானதோ சொற்பம். இன்று தோல் தொழிலுக்குப் பெயர்போன ராணிப்பேட்டையிலேயே மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. புகை விடாத வண்டியில் போகிறவர் யாருக்கும் தீங்கு செய்யாதவர் ஆகிவிடுவாரா என்ற கேள்வியை இந்த மண்ணில் நின்று கேட்பதே பொருத்தம்.

இதே வட்டாரத்தில், காட்பாடியை அடுத்த வள்ளிமலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களை விட்டுச்சென்ற சமணம், இம்சையை மூன்றாகப் பகுக்கிறது: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்வதற்கு உடன்படுவது. மூன்றுமே வினைதான். இந்த அளவுகோலின் உண்மையைப் பாலாறு காட்டும். அதன் கரையிலுள்ள ஆம்பூரில் தைத்த தோல் ஷூவை வெளிநாட்டில் அணிகிறவரின் கால் சுத்தமாகத்தான் இருக்கிறது. தோல் பதனிட்ட கழிவுநீர் இங்கே கிணறுகளைக் கெடுத்தது. பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1995இல் மூடப்பட்ட பிறகும், லட்சம் டன்னுக்கு மேற்பட்ட நச்சுக்கழிவு ராணிப்பேட்டையிலேயே தங்கியது. மின்சார வண்டிக்கும் இதே கணக்குதான். சாலையில் இல்லாத புகை அனல்மின் நிலையத்தில் இருக்கலாம். பழைய ஈய-அமில பேட்டரியை முறையின்றி உடைத்து உருக்கும் இடத்தில் ஈயம் தொழிலாளியின் ரத்தத்தில் சேரும்.

அப்படிப் பார்த்தால் எந்தச் செயலும் செய்ய முடியாதே என்று கேட்கலாம். சமணமே அதற்கு விடை வைத்திருக்கிறது: துறவிக்கு மாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். முழுத் தூய்மையை அது இல்லறத்தாரிடம் கேட்கவில்லை. தெரிந்து செய்யும் தீங்கைக் குறைக்கச் சொல்கிறது. பெட்ரோல் வண்டியைவிட மின்சார வண்டி மொத்தத்தில் நல்லதுதானே என்பது அடுத்த வாதம். பெரும்பாலும் உண்மை, ஆகவே அதை ஆதரிக்கவே வேண்டும். ஆனால் தீங்கு குறைந்தது என்பதற்காக, மிஞ்சிய தீங்குக்கான பொறுப்பு நீங்கிவிடாது. அந்த மிச்சத்தைச் சுமப்பவர் பெரும்பாலும் வண்டி வாங்க வசதியில்லாதவர் என்பதால் பொறுப்பு கூடவே செய்கிறது.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டவருக்கும் கெட்ட நிலத்துக்கும் ஈடு செய்ய வேண்டும் என்றது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் கடமையை உற்பத்தியாளர்மேல் வைத்தன. செய்வித்தவனும் பொறுப்பாளி என்ற பழைய அறத்தைத்தான் சட்டம் இப்போது எட்டிப்பிடித்திருக்கிறது. சட்டம் உற்பத்தியாளரோடு நிற்கலாம். அறம் வாங்குகிறவரையும் சேர்த்தே கேட்கும். பழைய பேட்டரி எங்கே போகிறது என்று விசாரித்து, முறையாக மறுசுழற்சி செய்பவரிடம் சேர்த்து, அதற்கான விலையையும் தருகிறவரே அகிம்சையின் பெயரால் அந்த வண்டியை ஓட்டத் தகுதியுடையவர்.